எங்கள் பங்குப் பாடல் புத்தகமும் அதை அச்சிட்ட குன்னூர் கடையும்

உங்கள் பங்குக்கென்று, அதாவது உங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயில் சபைக்கென்று, ஒரு பாடல் புத்தகம் போடும் எண்ணம் இருந்தால், கோயம்புத்தூருக்கு வண்டி ஏறுவதற்கு முன்னால் குன்னூரில் இருக்கும் இந்தக் கடைக்குப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். மவுண்ட் ரோட்டில் பெட்போர்டு பக்கமாக ஏறும்போது, கீழே இறங்கும் ஒரு படிக்கட்டு முடியும் இடத்தில் இருக்கிறது. முன்னறையில் ஜெராக்ஸ் மெஷின், அடுத்து இரண்டு கம்ப்யூட்டர், உள்ளே ஒரு சின்ன ஆஃப்செட் மெஷின், அதற்கும் உள்ளே பைண்டிங் மேசை. கல்யாணப் பத்திரிகை, ஹெத்தையம்மன் பண்டிகை நோட்டீஸ், தேயிலை ஃபேக்டரி பில் புக் இவைதான் அங்கே அன்றாட வேலை. எங்கள் பங்கின் 128 பக்கப் பாடல் புத்தகமும் அங்கேதான் அச்சானது. ஒரு மழைக்காலத்தையும் ஒரு புனித வாரத்தையும் தாண்டி அது மக்கள் கையில் இருக்கிறது என்பதால், இப்போது தைரியமாகச் சொல்லலாம்: நல்ல வேலை.

நான் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். மாலையில் பாடகர் குழு. எங்கள் குழுவில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள், தையல்காரம்மா, கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் உண்டு. புத்தகம் போட வேண்டும் என்று பங்குப் பேரவையில் முடிவானதும் எங்களிடம் இருந்தது ஒரு பென் டிரைவ். பல வருடங்களாக யார் யாரோ டைப் செய்து சேர்த்த 400க்கும் மேற்பட்ட பாடல்கள் அதில் இருந்தன. வேறு இரண்டு அச்சகங்களில் கேட்டோம். எத்தனை பக்கம், எத்தனை காப்பி என்று கேட்டு அங்கேயே விலை சொன்னார்கள். இந்தக் கடைக்காரர் விலை சொல்லவில்லை. பென் டிரைவிலிருந்து ஒரே ஒரு பாட்டைப் பிரிண்ட் எடுத்து மேசைமேல் வைத்தார். ரெண்டு பக்கம் வந்தது. "ஏம்மா, பாடிக்கிட்டு இருக்கும்போதே பக்கம் புரட்டணுமே, கையில புள்ள வெச்சிருக்கிறவங்க எப்படிப் புரட்டுவாங்க?" என்றார்.

அறுபது வயது தாண்டியவர், நீலகிரியின் படுகர் சமூகத்துக்காரர். நம் திருப்பலி, அதாவது பூசை, நடக்கும் முறை அவருக்குத் தெரியாது. ஆனால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகும் ஆளை நினைத்துப் பார்க்கத் தெரியும். எந்த நேரத்தில் பூசை, விளக்கு எங்கே மாட்டியிருக்கிறது, வயதானவர்கள் எத்தனை பேர், நின்றுகொண்டு பாடுவதா உட்கார்ந்தா, புத்தகம் வீட்டுக்குப் போகுமா கோயிலிலேயே இருக்குமா என்று கேட்டுக் கேட்டு ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டார். எங்களுக்குக் காலை ஆறரைப் பூசை. டிசம்பர் மாதம் அந்த நேரத்தில் பனிமூட்டம் ஜன்னல் வரைக்கும் வந்து நிற்கும். உள்ளே ரெண்டு டியூப்லைட். எழுத்து 13 பாயின்டுக்குக் குறையக்கூடாது, எந்தப் பாட்டும் தாளின் மறுபுறத்துக்குப் போகக்கூடாது, நீளமான பாட்டு என்றால் எதிரெதிர்ப் பக்கத்தில் வர வேண்டும் என்று அவரே முடிவு செய்தார்.

இந்த ஒரு முடிவு எங்கள் பாட்டுத் தேர்வையே நேர்ப்படுத்திவிட்டது. ஒரு பெரிய தாளை அச்சிட்டு மடித்தால் வருவது ஒரு ஃபாரம். ஒரு ஃபாரத்துக்கு 16 பக்கம், எட்டு ஃபாரம், 128 பக்கம். அதற்குமேல் போனால் விலையும் ஏறும், கனமும் ஏறும். அந்த அளவுக்குள் 400 பாட்டு அடங்காது. ஆகவே ஒவ்வொரு பாட்டையும் எடுத்து, இது திருப்பலியில் எந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று கேட்க வேண்டியதாயிற்று. வருகைப் பாடலுக்கு நான்கு வேலைகளைத் திருப்பலி நூலின் பொது விதிமுறை 47ஆம் எண்ணில் சொல்கிறது: கொண்டாட்டத்தைத் தொடங்குவது, கூடியிருப்பவர்களை ஒன்றாக்குவது, அந்தக் காலத்தின் அல்லது விழாவின் மறைபொருளுக்குள் மனத்தைக் கொண்டுபோவது, பவனிக்குத் துணையாக இருப்பது. இந்த நான்கையும் வைத்துப் பார்த்தபோது, கேட்க இனிமையாக இருக்கும் பல பாட்டுகள் தாமாகவே ஒதுங்கிக்கொண்டன. "என் கவலை, என் கண்ணீர், என் தனிமை" என்று ஒருவர் மட்டும் உருகும் பாட்டைச் செப ஆராதனையில் பாடலாம். இருநூறு பேர் சேர்ந்து வாசலிலிருந்து பீடம் நோக்கித் தொடங்கும் நேரத்துக்கு அது ஒத்துவராது. அதே போல, எங்கள் கோயில் சின்னது. குருவானவர் நடந்து வந்து பீடத்தை முத்தி செய்து இருக்கைக்குப் போவதற்குள் இரண்டு சரணம் முடிந்துவிடும். ஏழு சரணத்தை அச்சிட்டு என்ன பயன்? மூன்றோடு நிறுத்தினோம். முடிவில் தேறியவை 110 பாடல்கள்.

காணிக்கைப் பாடல் விஷயத்தில்தான் குழுவுக்குள் கொஞ்சம் வாக்குவாதம். ஒரே கருத்தை ஒரே மெட்டுச் சாயலில் சொல்லும் முப்பது பாட்டு எங்களிடம் இருந்தது. பன்னிரண்டை வைத்துக்கொண்டோம். திருவிருந்துப் பாடலுக்கு வேறு கணக்கு. அந்த நேரத்தில் மக்கள் நடந்துகொண்டிருப்பார்கள், யாரும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வருவதில்லை. ஆகவே பல்லவி குட்டியாக, மனத்தில் நிற்கிற மாதிரி இருக்கும் பாட்டுகளை மட்டும் எடுத்தோம். சரணத்தைக் குழு பாடும், பல்லவியை நடந்துகொண்டே எல்லோரும் பாடுவார்கள். கடைக்காரரிடம் இதைச் சொன்னதும் அந்தப் பகுதியில் மட்டும் பல்லவியை ஒரு அளவு பெரிய எழுத்தில் போட்டார். உட்கார்ந்த இடத்தில் ஒரு தடவை பார்த்தால் போதும்.

மாற்றவே கூடாத பகுதிகளில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பூசையின் தொடக்கத்தில் வரும் வானவர் கீதத்தின் இடத்தில் அதே மாதிரி இருக்கும் வேறொரு புகழ்ப் பாட்டு, "உலகின் பாவம் போக்கும்" பாட வேண்டிய நேரத்தையும் விழுங்கிவிடும் நீண்ட சமாதானப் பாட்டு, முதல் வாசகத்துக்குப் பின் திருப்பாடலிலிருந்து (சங்கீதத்திலிருந்து) பாடும் பதிலுரைப் பாடலுக்குப் பதிலாக ஏதோ ஒரு தியானப் பாட்டு. இவை எத்தனையோ கோயில்களில் நடக்கின்றன. விதிமுறையின் 61, 366 ஆகிய எண்களைப் படித்தவர்களுக்கு இது சரியல்ல என்று தெரியும். நான் இதை வெறும் சட்டமாகப் பார்க்கவில்லை. திருப்பாடல் என்பது இறைவார்த்தை; முதல் வாசகத்தைக் கேட்ட மக்கள் அதே இறைவார்த்தையைக் கொண்டு பதில் சொல்கிறார்கள். அந்த இடத்தில் நாம் எழுதிய வரியை வைப்பது, எவ்வளவு அழகான வரியாக இருந்தாலும், மக்கள் வாயிலிருந்து திருநூலைப் பிடுங்குவதுதான்.

அதனால் 20 பக்கங்களைத் திருப்பாடல்களுக்கென்றே ஒதுக்கினோம். மூன்று ஆண்டுச் சுழற்சியில் வரும் எல்லா ஞாயிறுகளுக்கும் அச்சிடுவது நடக்காத காரியம். ஆனால் அந்தந்தக் காலத்துக்குப் பொதுவான திருப்பாடல்களை பூசை வாசகங்கள் அடங்கிய வாசக நூலே தருகிறது. அன்றைய பாடலைப் பாட முடியாவிட்டால் இவற்றில் ஒன்றைப் பாடலாம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்துக்கு 25, 85. தவக்காலத்துக்கு 51, 91, 130. ஈஸ்டரிலிருந்து தொடங்கும் பாஸ்கா காலத்துக்கு 118, 66. பொதுக்காலத்துக்கு 19, 27, 34, 63, 95, 100, 103, 145. இந்தப் பதினைந்தையும் பாடத் தெரிந்துவிட்டால் ஒரு சின்னப் பங்கு வருடம் முழுக்கத் தலைநிமிர்ந்து நிற்கலாம். மெட்டு எளிதுதான்: நான்கு அடிக்கு நான்கு சுர வரிகள், ஒவ்வொன்றும் ஒரே சுரத்தில் நீண்டு, கடைசியில் இறங்கும் அல்லது ஏறும். எந்த எழுத்தில் சுரம் மாறுகிறது என்று பாடுகிறவருக்குத் தெரிய வேண்டும். அந்த எழுத்தை மட்டும் தடித்த எழுத்தாகப் போட வேண்டும்.

கடையின் உண்மையான திறமையை நான் பார்த்தது இங்கேதான். எங்கள் பென் டிரைவில் பாதிப் பாட்டு பாமினி என்ற பழைய எழுத்துருவில், மீதி இன்றைய பொது முறையான யூனிகோடில். பாமினியில் 'கொ' என்று ஓர் எழுத்து கிடையாது; கொம்பு, க, கால் என்று மூன்றாக அடிக்க வேண்டும். தடித்த எழுத்தாக்கும்போது நடுவில் இருக்கும் 'க' மட்டும் தடித்து, கொம்பும் காலும் ஒல்லியாக நிற்கும். படிப்பவர் கண் அங்கே தடுக்கிக்கொள்ளும். கடைக்காரர் மகள்தான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றும்போது விழும் பிழைகளை, அதாவது துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' இருப்பது, கொம்பு அடுத்த எழுத்துக்குத் தாவுவது போன்றவற்றை, ஒவ்வொரு பக்கமாகத் திருத்தினார். அப்புறம் ஒரு திருப்பாடலை அச்செடுத்து என் கையில் கொடுத்து, "இப்போ பாடிக் காட்டுங்கக்கா" என்றார். கடைக்குள் நின்று 130ஆம் திருப்பாடலைப் பாடினேன். ஓர் அடியில் நான் சுரம் மாற்றிய எழுத்தும் அச்சில் தடித்திருந்த எழுத்தும் வேறு வேறு என்று அவர்தான் கண்டுபிடித்தார். அந்த அக்கறையைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

புத்தகத்தில் நான் எழுதியவை நான்கே பாடல்கள். நம்மிடம் இல்லாத இடத்துக்கு மட்டும் எழுத வேண்டும் என்பது என் எண்ணம். மாதா பாட்டு நிறைய இருக்கிறது, இன்னொன்று எதற்கு? நவம்பர் 2ஆம் தேதி கல்லறைக்குப் போகும்போது பாட எங்களுக்குச் சரியான பாட்டு இல்லை. எங்கள் கல்லறைத் தோட்டம் மேட்டில் இருக்கிறது, ஏறிக்கொண்டே பாட வேண்டும். 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்லும் விதையை வைத்து எழுதினேன். முதல் வடிவத்தில் "அழிவுக்குரியதாய் விதைத்த எம் உறவுகளை அழியா நிலையில் உயிர்ப்பித்தருள்வீர்" என்று ஒரு வரி இருந்தது. ப்ரூஃப் பார்க்கும்போது கடைக்காரர் எதையும் வாய்விட்டுத்தான் படிப்பார், அது அவர் பழக்கம். இந்த வரியைப் படித்துவிட்டு, "உட்கார்ந்து படிக்கிற எனக்கே மூச்சு வாங்குதும்மா, மேட்டுல ஏறுறவங்க என்ன பண்ணுவாங்க?" என்றார். வீட்டுக்கு வந்து இப்படி உடைத்தேன். முன்னால் போகிறவர்: "மண்ணில் விதைத்தோம்." மக்கள்: "நீர் எழுப்புவீர் ஆண்டவரே." முன்னால் போகிறவர் வரி மட்டும் மாறிக்கொண்டே போகும். மக்கள் வரி ஒன்றேதான், புத்தகமே வேண்டாம். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே மூச்சு விட இடம் இருக்கிறது.

எழுதுகிறவர்களுக்கு அனுபவத்தில் இன்னொன்று சொல்கிறேன். உச்ச சுரம் வரும் இடத்தில் ஆ, ஏ, ஓ போன்ற நெடில் வரட்டும். 'ற்ற', 'ட்ச' போன்றவை அங்கே வந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். சுருதி ரெண்டு கட்டைக்கு மேல் வேண்டாம். மேல் ஸ்தாயியில் பஞ்சமம் வரை போகும் மெட்டு பாடகர் குழுவுக்கு இனிக்கும், பின் பெஞ்சில் இருக்கும் ஆண்கள் வாயை மூடிக்கொள்வார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, பாடல் வரிகளைப் பெரும்பாலும் திருநூலிலிருந்தும் திருவழிபாட்டு ஊற்றுகளிலிருந்தும் எடுக்கச் சொல்கிறது. அதை நான் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறேன். நம் சொந்த உணர்ச்சி நாலு வருடத்தில் பழசாகிவிடும், பவுலின் விதை பழசாகாது.

அச்சேற்றும் முன் கடைக்காரர் இரண்டு காகிதம் கேட்டார், இதற்காகவும் அவரைப் பாராட்ட வேண்டும். ஒன்று, மறைமாவட்ட அனுமதி. பொது வழிபாட்டுக்கான செபப் புத்தகத்துக்குத் தலத்திருச்சபை அதிகாரியின் அனுமதி வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். எங்கள் உதகை மறைமாவட்டத்தில் அதை வாங்கிக் கொடுத்தோம். இரண்டு, பாட்டு எழுதியவர்களின் சம்மதம். உண்மையான சமயச் சடங்கில் ஒரு பாட்டைப் பாடுவதற்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957 விலக்குத் தருகிறது. ஆனால் புத்தகமாக அச்சிடுவது வேறு காரியம். எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை இருக்கிறது. பாட்டு எழுதிய குருக்கள் பலர் போனிலேயே சந்தோஷமாகச் சம்மதம் சொல்லி, பின்னால் கடிதமும் அனுப்பினார்கள். சிலவற்றுக்குப் பதிலே வரவில்லை, மக்களுக்குப் பிடித்த பாட்டு என்றாலும் அவற்றைச் சேர்க்கவில்லை. அவற்றைப் பாடுகிறோம், அச்சிடவில்லை.

ஒரு பாட்டுக்கு மட்டும் எழுதியவர் யாரென்றே தெரியாது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து இங்கே வந்த குடும்பங்கள் எங்கள் பங்கில் உண்டு. அவர்களில் ஒரு பெரியம்மா, அங்கே லயத்துக் கோயிலில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் கோயிலில்) பாடியதாக ஒரு தவக்காலப் பாட்டைப் பாடுவார். எந்தப் புத்தகத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை. கடையில் உட்கார்ந்து அவருக்குப் போன் போட்டு, அவர் ஒவ்வொரு வரியாகப் பாட, கடைக்காரர் மகள் டைப் செய்தார். நடுவில் பெரியம்மாவுக்கு ஒரு சரணம் மறந்துபோய் மறுநாள் அவரே கூப்பிட்டுச் சொன்னார். அந்தப் பக்கத்தின் அடியில் "மலையகத்திலிருந்து வந்த பாடல்" என்று மட்டும் போட்டிருக்கிறோம். 110 பாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த பக்கம் அதுதான்.

தாளும் கட்டும். கிரவுன் அளவு, 80 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ தாள், லேசான பழுப்பு வெள்ளை. ஆர்ட் பேப்பர் வேண்டாம் என்று கடைக்காரரே சொன்னார். வெளிச்சம் பட்டால் கூசும், ஈரத்தில் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் நமக்குப் பெரிய மழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அலமாரிக்குள் இருக்கும் துணிகூடப் பூஞ்சை பூக்கும். வெறும் பசை வைத்து ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங் குளிரில் இறுகி, அகலத் திறந்தால் முதுகு வெடித்துவிடும். பாட்டுப் புத்தகத்தை அகலத் திறக்காமல் பாட முடியாது. ஃபாரம் ஃபாரமாக நூல் தையல் போட்டு அதன்மேல் அட்டை ஒட்டினார்கள். 500 காப்பி, ஒன்றுக்கு 72 ரூபாய் ஆனது. பசை மட்டும் என்றால் ஒன்பது ரூபாய் குறைந்திருக்கும். இதுவரை பக்கம் கழன்றதென்று ஒரு புத்தகமும் என்னிடம் திரும்பி வரவில்லை.

திரையில் வரிகளைக் காட்டினால் போதாதா, புத்தகம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். காற்று மழை அடித்தால் இங்கே கரண்ட் போகும். அதைவிட, அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டம் லயத்து வீட்டில் நடக்கிறது, இறந்தவர் வீட்டில் இரவு முழுக்கச் செபம் நடக்கிறது. அங்கெல்லாம் திரை வராது, புத்தகம் வரும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அட்டை வடிவமைப்பில் இந்தக் கடையை நம்பாதீர்கள். சூரிய உதயம், பறக்கும் புறா, மினுமினுக்கும் எழுத்து என்று கல்யாணப் பத்திரிகைச் சாயலில்தான் முதலில் காட்டுவார்கள். ஒரே வண்ணத்தில் ஒரு சிலுவையும் புத்தகப் பெயரும் போதும் என்று நாங்கள் அழுத்திச் சொன்ன பிறகுதான் மாற்றினார்கள். அட்டை மட்டும் வெளியூரில் அச்சாகி வருகிறது, அதற்காக ஒரு வாரத்துக்கும் மேல் காத்திருந்தோம். போனை எடுக்க மாட்டார்கள். நேரில்தான் போக வேண்டும். முகூர்த்த மாதங்களில் உங்கள் வேலை பத்திரிகைகளுக்குப் பின்னால் போய்விடும், எங்களுக்கும் சொன்ன தேதி தள்ளிப்போனது. திருவருகைக் கால முதல் ஞாயிறுக்குப் புத்தகம் வேண்டும் என்றால் ஆகஸ்ட் 15 திருவிழா முடிந்த கையோடு பாட்டுகளைக் கொடுத்துவிடுங்கள். பாட்டுகளின் வரிசையை நீங்களே முடிவு செய்து எண் போட்டுக் கொண்டுபோங்கள்; நடுவில் ஒரு பாட்டை நுழைத்தால் எதிரெதிர்ப் பக்கக் கணக்கு எல்லாம் குலைந்துவிடும், அதைச் சரி செய்ய அவர்கள் தனியாகக் காசு வாங்குவதும் நியாயம்தான்.

புத்தகங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிச் சணல் கட்டித்தான் தருவார்கள், நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால். மழை நாளில் எடுக்கப் போனால் தார்ப்பாய் ஒன்று கையோடு இருக்கட்டும். திருத்தி முடித்த யூனிகோடு கோப்பைக் காசு வாங்காமல் பென் டிரைவில் திருப்பித் தருகிறார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பாடல் பகுதியின் 20 பக்கங்களை மாதிரிக்குப் பார்க்க விரும்பும் பாடகர் குழுக்காரர்கள் கடையில் கேட்டால் எங்கள் புத்தகம் ஒன்று மேசைமேலேயே இருக்கும். புரட்டிப் பார்க்கலாம், அந்தச் சுர அமைப்பை உங்கள் பங்குக்கு எடுத்துக்கொள்ளவும் எங்களுக்குச் சம்மதம்.